கதவுக்குப் பின்னாடி தொங்கும் ஜாக்கெட்

1/ போன வாரம் கேஷுவாலிட்டியில் நைட் டூட்டி. பைக் சறுக்கி விழுந்த ஒரு தம்பியைக் கூட்டிட்டு வந்தாங்க. எலும்பு முறிவு இல்லை. ஆனா தோள்பட்டையில இருந்து முழங்கை வரை தோல் உரிஞ்சு, உள்ளே பொடி ஜல்லி. அதை விட்டுட்டா சீழ் பிடிக்கும், இல்லைன்னா கறுப்புத் தழும்பா நின்னுடும். மரத்துப்போக ஊசி போட்டும், தேய்ச்சுக் கழுவும்போது கத்திட்டான்.

2/ அவன் அண்ணன் சொன்னார்: "லெதர் ஜாக்கெட் வாங்கி வச்சிருக்கான் சார். போட்டோ எடுக்க மட்டும்தான் போடுவான்."

3/ அந்த ஜாக்கெட்டோட கதை தெரியுமா உங்களுக்கு? 1928, நியூயார்க். இர்விங் ஷாட் என்பவர் பைக் ஓட்டுறவங்களுக்காகவே ஒண்ணு தைச்சார். தனக்குப் பிடிச்ச சுருட்டோட பெயரையே வச்சார்: பெர்ஃபெக்டோ. ஹார்லி டேவிட்சன் வியாபாரி ஒருத்தர் மூலமா வித்தது. விலை 5.50 டாலர்.

4/ அதுல ஜிப் ஏன் சாய்வா இருக்கு? ஸ்டைலுக்கு இல்லைங்க. முன்னால குனிஞ்சு ஓட்டும்போது வயித்துல குத்தாது. மார்புல தோல் ரெண்டு மடிப்பா வர்றதால காத்தும் உள்ளே போகாது. காலரைப் பட்டன் போட்டு அடக்கினா முகத்துல அடிக்காது.

5/ 1953ல் 'தி வைல்ட் ஒன்' படம் வந்துச்சு. மார்லன் பிராண்டோ அந்த மாதிரி ஜாக்கெட்டோட பைக்ல வந்தார். தலையில தொப்பி, ஹெல்மெட் இல்லை. அதுக்கப்புறம் அது அடங்காத இளைஞனோட அடையாளம் ஆயிடுச்சு. பைக்கே இல்லாதவங்களும் போட்டாங்க.

6/ தமிழ்ல ரெண்டுக்கும் ஒரே வார்த்தைதான்: தோல். விழுந்து உரசினா ரோடு ஏதோ ஒரு தோலை உரிக்கத்தான் செய்யும். அது ஜாக்கெட்டோடதா, உங்களோடதா? மெல்லிய காட்டன் சட்டை அந்த உரசலைத் தாங்காது.

7/ ஆனா ஜாக்கெட் தலையைக் காப்பாத்தாது. உள்காயத்தையும் பெருசா தடுக்காது. உரிஞ்ச தோல் பெரும்பாலும் ஆறிடும். அடிபட்ட மூளை அப்படி ஆறாது. அதனால முதல்ல ஹெல்மெட், பட்டையை மாட்டி.

8/ நம்ம வெயிலுக்கு லெதர் கஷ்டம்தான், ஒத்துக்கறேன். காத்து போற வலைத்துணியில, தோள்லயும் முழங்கையிலயும் பேட் வச்ச ரைடிங் ஜாக்கெட் கிடைக்குது. உங்க வீட்டுத் தம்பி ஜாக்கெட்டைக் கதவுக்குப் பின்னாடி மாட்டி வச்சிருந்தா, இன்னைக்கே எடுத்துக் கையில குடுங்க.