மலையில் வீடு பார்த்தல்

உத்தியோக நிமித்தமாக ஊர் விட்டு ஊர் போகிறவன் போன இடத்தில் முதலில் விசாரிப்பது ஆபீசுக்கும் வீட்டுக்கும் உள்ள தூரத்தை, அதற்கப்புறம் தண்ணீரை, குழந்தை குட்டிகள் இருந்தால் பள்ளிக்கூடத்தை. சமவெளியில் இவ்வளவோடு காரியம் ஏறக்குறைய முடிந்துவிடும். கும்பகோணத்திலோ திருச்சிராப்பள்ளியிலோ ஒரு தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் வாடகையில் வித்தியாசம் இருக்கலாம், அக்கம்பக்கத்தாரின் சுபாவத்தில் இருக்கலாம், சாக்கடையின் ஓட்டத்தில்கூட இருக்கலாம். ஆனால் இரண்டு தெருவாருக்கும் சூரியன் ஒரே நேரத்தில்தான் உதிக்கிறான், மழையும் ஒரே நாளில்தான் பெய்கிறது. மலையில் அந்தச் சமத்துவம் கிடையாது. இங்கே வீடு தேடுகிறவன், தனக்கு எந்தப் பருவத்து மழை வேண்டும், ஒரு நாளைக்கு எத்தனை நாழிகை வெயில் வேண்டும் என்பதையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறான். அது அவனுக்குத் தெரிந்திருக்கிறதா இல்லையா என்பது வேறு விஷயம்.

நீலகிரியின் மழையைச் சற்றே விவரமாகச் சொல்ல வேண்டும். ஆனி ஆடி மாதங்களில் வருகிற தென்மேற்குப் பருவமழை, குந்தா, அவலாஞ்சி, எமரால்டு என்று மேற்கே நிற்கிற மலைகளின்மேல் மோதித் தன் பாரத்தையெல்லாம் அங்கேயே இறக்கிவிட்டுக் கிழக்கே போகப் போக இளைத்துவிடும். ஐப்பசி கார்த்திகையில் வருகிற வடகிழக்குப் பருவமழையோ அதற்கு நேர் விரோதமாக, குன்னூர், கோத்தகிரி, கேத்திப் பள்ளத்தாக்கு ஆகிய கீழ்ப்பக்கத்து ஊர்களைத்தான் முதலில் பிடித்துக்கொள்ளும். நடுவில் இருக்கிற உதகமண்டலம் இரண்டிலும் மிதமாகப் பங்கு வாங்கிக்கொள்கிறது. 2009ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் தேதி கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை பதிவாயிற்று, அந்த மழையில் மலைச்சரிவுகள் பெயர்ந்து விழுந்து, ஜில்லாவில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். பத்து வருஷம் கழித்து, 2019 ஆகஸ்டில், அந்தக் கணக்கையும் முறியடித்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 செ.மீ. கொட்டியது. கேத்தியையும் அவலாஞ்சியையும் ஒரே பகலில் சாவகாசமாகப் பார்த்துவிட்டு வீடு திரும்பிவிடலாம். அவ்வளவு அருகில் இருக்கிற இரண்டு இடங்கள், ஒன்று ஆடியில், மற்றொன்று ஐப்பசியில், வானத்துக்குக் கப்பம் கட்டுகின்றன.

இதையெல்லாம் அறியாமல் நான் கீழ்நாட்டிலிருந்து மாற்றலாகி வந்தது சித்திரை மாதம். சித்திரையில் உதகமண்டலத்துக்கு வந்து வீடு தேடுவதைப் போன்ற அசந்தர்ப்பமான காரியம் வேறில்லை. சீசன் காலத்தில் இங்கே நான்கு சுவரும் ஒரு கூரையும் உள்ள எதுவும் வீடாக இராது. காட்டேஜாக ரூபாந்தரம் அடைந்துவிடும். ஒரு மாதத்து வாடகையை ஒரு வாரத்தில் கொடுக்கிற உல்லாசப் பிரயாணி வாசலில் நிற்கும்போது, வருஷம் முழுவதும் இருக்கப்போகிற சம்பளக்காரனை எந்த வீட்டுக்காரர்தான் ஏறெடுத்துப் பார்ப்பார்? வீட்டுத் தரகர் ஒருவர் கிடைத்தார். காந்தல், ஃபிங்கர்போஸ்ட், பெர்ன்ஹில், தலையாட்டுமந்து என்று அவர் காண்பித்த இடங்களிலெல்லாம் அவர் சொன்ன பெருமை ஒன்றேதான்: “பஸ் ஸ்டாண்டுக்குப் பத்து நிமிஷம் சார்.” சீசன் காலத்தில் அந்தப் பத்து நிமிஷம் ஒன்றரை மணி நேரமாக நீளும் என்பதை அவர் சொல்லவில்லை, தரகரிடம் அதை எதிர்பார்ப்பதும் தர்மமல்ல.

பஸ் ஸ்டாண்டுக்குச் சமீபம் என்பதே ஒரு பெருமைதானா என்று பின்னால் யோசித்திருக்கிறேன். கோயமுத்தூர்க் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் 1820களில் ஓடைகளை அணை கட்டித் தேக்கி உண்டாக்கிய ஏரி, இன்றைக்குப் படகு விடுகிற அளவோடு நின்றதல்ல. குதிரைப் பந்தய மைதானமும் பஸ் ஸ்டாண்டும் இருக்கிற தட்டு முழுவதும் அந்த ஏரியின் பழைய படுகைதான். பெருமழை பெய்கிற நாளில் வெள்ளம் அந்தப் பக்கம் புகுந்து நின்றால் ஜனங்கள் முனிசிபாலிடியைத் திட்டுகிறார்கள். தண்ணீர் தன் பூர்வீக வீட்டுக்கு வந்துபோகிறது என்றே எனக்குத் தோன்றும். இத்தகைய பள்ளங்களுக்கு வேறொரு குணமும் உண்டு. மார்கழி, தை மாத இரவுகளில் குளிர்ந்த காற்று கனத்துச் சரிவுகளின் வழியே இறங்கி அடிவாரத்துத் தட்டில் தங்கிவிடுகிறது; அதனால்தான் மைதானத்துப் புல்லும் தாவரவியல் பூங்காவின் புல்வெளியும் விடியற்காலையில் உறைபனியால் வெளுத்திருக்க, சற்று மேலே சரிவில் இருக்கிற தோட்டத்து அவரைக்கொடி ஒன்றும் ஆகாமல் நிற்கிறது.

சல்லிவனே இந்த மலையில் இரண்டு முறை வீடு பார்த்தவர். 1819இல் மேலே ஏறி வந்தவர் முதலில் கோத்தகிரிக்கு அருகே திம்பட்டிப் பகுதியில் ஒரு பங்களா கட்டிக்கொண்டார். பிறகு அந்த இடத்தோடு திருப்தியடையாமல் மேற்கே உதகைக்கு வந்து 1822இல் கல் பங்களாவுக்கு அஸ்திவாரம் போட்டார். அதைச் சுற்றித்தான் பட்டணம் வளர்ந்தது. அந்தக் கட்டடம் இப்போது அரசு கலைக் கல்லூரியின் வளாகத்தில் இருக்கிறது. அவர் நோக்கம் தெளிவானது: இங்கிலாந்தைப் போன்ற குளிர், நடப்பதற்கு விசாலமான புல்வெளி, நோயாளிச் சிப்பாய்களுக்கு ஆரோக்கிய வாசம். ஒரு பருவம் தங்கிப் போகிறவனுக்கு அந்தத் தேர்வு உத்தமமான தேர்வே. வருஷம் முந்நூற்றறுபத்தைந்து நாளும் இங்கேயே உண்டு உறங்கி, மழையில் விறகு நனையாமல் காத்து, குழந்தையின் ஈரத்துணியை உலர்த்தி எடுக்க வேண்டியவனுடைய தேர்வு அதுவாக இருக்க முடியாது. அந்த இரண்டாம் வகையான தேர்வைச் சல்லிவனுக்கு வெகு காலம் முன்னரே செய்து முடித்தவர்கள் இந்த மலையிலேயே ஊர் கட்டி வாழ்கிற படகர்கள் என்பதை இத்தலாருக்குப் போன பிறகுதான் கண்டேன்.

இத்தலார், உதகையிலிருந்து முத்தோரை பாலாடா வழியாக எமரால்டுக்குப் போகிற சாலையில் இருக்கிற ஊர். என் காரியாலயத்துச் சிப்பந்தி ஒருவர், “எங்க ஊர்ப் பக்கம் வாடகைக்கு இருக்கு சார், ஆனா தூரம்” என்று தயங்கித் தயங்கிச் சொன்னதன்பேரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் என் மனைவியும் போனோம். பாலாடா தாண்டியதும் கேரட்டும் உருளைக்கிழங்கும் போட்ட பாத்திகள், மேலே தேயிலை, அதற்கு மேலே கற்பூர மரங்கள். தேயிலைக்கென்று இங்கே கூட்டுறவுத் தொழிற்சாலை உண்டு. காய்கறி மூட்டைகள் லாரி ஏறி மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குகின்றன.

வீட்டுக்காரர் தலைப்பாகையும் போர்வையுமாக வாசலில் நின்றிருந்தார். நான் வழக்கம்போல அறைகளை எண்ணினேன். மனைவி குழாயைத் திறந்து பார்த்தாள். பெரியவர் எங்களைச் சற்று நேரம் அந்தப்படி விட்டுவிட்டு, பிறகு வெளியே அழைத்துப்போய், “வீட்டை அப்புறம் பாருங்க சார். காலையில வெயில் எங்க விழுது, சாயங்காலம் எந்த மலை அதை மறைக்குதுன்னு முதல்ல பாருங்க. சுவர் பழசானா பூசிக்கலாம், வெயிலைப் பூச முடியாது” என்றார். அதோடு நில்லாமல், பக்கத்து மேட்டில் இருந்த பழைய ஹட்டியை, அதாவது படகர் குடியிருப்பை, காட்டி விளக்கினார். ஒன்றோடொன்று சுவர் ஒட்டி வரிசையாக நிற்கும் அந்த வீடுகள் மலை முகட்டில் இல்லை, ஏனெனில் ஆடிக் காற்று அங்கே ஓட்டைப் பிடுங்கிவிடும். சதுப்பு நிலத்தின் ஓரத்திலும் இல்லை, ஏனெனில் பனி அங்கேதான் படுக்கும். காற்றுக்கு முதுகைக் காட்டி, விடியற்காலை வெயிலுக்கு முகத்தைக் காட்டி, ஊற்றுக்கு மிக மேலேயும் போகாமல், முன்னால் தானியம் உலர்த்தவும் பிள்ளைகள் விளையாடவும் ஒரு சமதளம் விட்டு அவை இருந்தன. அந்த வரிசைக்குப் பின்னால் மண்ணை வெட்டிய செங்குத்தான சுவர் ஒன்றைக்கூட நான் காணவில்லை. “கீழ வெட்டி மேல கட்டினா, மலை ஒரு நாள் கணக்குக் கேக்கும்” என்று அவர் சொன்னபோது, 2009இல் பட்டணத்துப் பக்கத்தில் வீடுகளின்மேல் விழுந்த மண்ணெல்லாம் பெரும்பாலும் அவ்விதம் வெட்டிய சரிவுகளிலிருந்தே வந்தது என்பது என் நினைவுக்கு வந்தது. எந்த இன்ஜினீயரும் இந்த ஒரு பார்வையில் கிடைத்ததைவிட அதிகமாக எனக்குச் சொல்லியிருக்க முடியாது என்பது என் அபிப்பிராயம்.

அந்த வீட்டையே அமர்த்திக்கொண்டோம். அங்கே எல்லாம் சுகமென்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், நம்பவும் வேண்டாம். ஆடி மாதத்தில் மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். உப்பு ஜாடியில் உப்பு நீர்த்துப்போகும், தீப்பெட்டி நமுத்துப்போகும், அலமாரியில் வைத்த தோல் செருப்பில் பச்சைப் பூஞ்சணம் பூக்கும். தண்ணீர் இவ்வளவு உயரத்தில் 93 டிகிரியை எட்டும்போதே கொதித்துவிடுவதால், குக்கரை நம்பாமல் துவரம்பருப்பை வேகவைக்க முற்பட்ட என் மனைவி முதல் வாரத்தில் மலையின்மேல் கொண்ட கோபம் இன்னும் முற்றும் தணியவில்லை. கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் ஜீப்புக்குக் காத்திருக்க வேண்டும். சாலையோரத்துச் சோலையில் காட்டெருமை நின்றால் ஜீப்பும் காத்திருக்க வேண்டும். ஆனால் மழை விட்ட எந்தக் காலையிலும் வெயில் முதலில் விழுகிற வீடுகளில் எங்களுடையது ஒன்று. பட்டணத்தில் நண்பர் ஒருவர் வீட்டுத் துணிகள் கணப்பைச் சுற்றிக் கொடி கட்டித் தொங்கிக்கொண்டிருக்கும் நாளில் எங்கள் துணி மத்தியானத்துக்குள் மடித்து உள்ளே போய்விடும். உத்தியோகஸ்தனுக்குத் தூரம் ஒரு நாளில் இரண்டு முறைதான் உறைக்கும். ஈரம் இருபத்துநாலு மணி நேரமும் உறைக்கும்.

தேர்வு, தேர்வு என்று இவ்வளவு பேசுகிறேனே, இந்த மலைக்கு வேலைக்கென வந்தவர்களில் பெரும்பாலோருக்கு அந்தப் பாக்கியம் இருந்ததில்லை. குந்தா நீர்மின் திட்டம் கனடாவின் உதவியோடு 1950களில் தொடங்கியபோது, சுரங்கம் குடையவும் அணை எழுப்பவும் கீழ்நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கில் ஏறிவந்தவர்கள், எமரால்டிலும் கெத்தையிலும் குந்தாப் பாலத்திலும் திட்டத்தார் போட்ட கொட்டகைகளில்தான் படுத்தார்கள். வேலை எங்கேயோ வீடும் அங்கே. அதைவிடக் கடினமானது, 1964ஆம் வருஷத்து ஸ்ரீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட தோட்டத் தொழிலாளர்களின் கதை. பல தலைமுறை அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களை, ‘தாயகம் திரும்பியோர்’ என்ற பெயரிட்டு, கூடலூர், குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளில் சர்க்கார் அவர்களுக்காகவே வளர்த்த தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தினார்கள். அந்தத் தோட்டங்கள்தாம் 1976இல் டான்டீ என்ற கார்ப்பரேஷன் ஆயின. எந்தச் சரிவு, எந்த மழை என்பதை ஒரு பைலில் யாரோ கையெழுத்துப் போட்டுத் தீர்மானித்தார். தொழிலாளர்களுக்கென வரிசையாகக் கட்டிய லைன் வீட்டின் வாசல் சூரியனைப் பார்க்கிறதா மலையைப் பார்க்கிறதா என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. தோட்டத்தில் இடமில்லாதவர்களும், இருந்தும் கூலி போதாதவர்களும் பட்டணத்து ஓரங்களிலும் காய்கறி நிலங்களின் கரைகளிலும் குடிசை போட்டார்கள். அவர்களுக்குக் கிடைத்தவை வேறு யாரும் வேண்டாமென்று விட்ட செங்குத்துகளும் ஓடைக்கரைகளும்தாம். மழைக்காலத்தில் பள்ளிக்கூடங்களையும் சமுதாயக் கூடங்களையும் திறந்து முதலில் கொண்டுபோய்த் தங்கவைப்பது யாரையென்று பார்த்தால், வீடு பார்க்கும் சுதந்திரம் எவ்வளவு விலையுயர்ந்த சரக்கென்பது விளங்கும்.

எங்களுக்கு வீடு காலியாகக் கிடைத்ததற்கும் ஒரு காரணம் உண்டு. பச்சைத் தேயிலைக்குக் கிடைக்கிற விலையில் பறிப்புக் கூலியும் உரச் செலவும் போக மிஞ்சுவது சொற்பமாகிவிட்டதால், படித்த பிள்ளைகள் கோயமுத்தூருக்கும் பெங்களூருக்கும் உத்தியோகம் தேடிப் போய்விட்டார்கள். பெரியவரின் மகனும் பெங்களூரில்தான் இருக்கிறான். சென்ற மாதம் அவன் புது வீடு பார்த்திருப்பதாகப் போனில் சொன்னபோது நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஆபீசுக்கு எத்தனை கிலோமீட்டர், மெட்ரோ ஸ்டேஷனுக்கு எத்தனை நிமிஷம், லிஃப்ட் எத்தனை என்று அவன் அடுக்கிக்கொண்டே போனான். பெரியவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வீட்டு வாசல் எந்தத் திக்கு என்று கேட்டார். அந்தப் பக்கத்தில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, விசாரித்துச் சொல்வதாகப் பையன் சொன்னான். “விசாரிக்க வேண்டாம், நானே வந்து பாக்கறேன், அதுவரைக்கும் அட்வான்ஸ் குடுக்காதே” என்று சொல்லிவிட்டுப் பெரியவர், பெங்களூருக்கு ஊட்டியிலிருந்து ராத்திரி பஸ் எத்தனை மணிக்கென்று என்னிடம் கேட்டார்.