பாய்மரப் படகு விற்பனைக்கு... காட்பாடியிலா?

எங்க ஊர்க்காரனுக்கு 'பாய்' என்றால் இரண்டுதான். ஒன்று படுக்கிற பாய். இன்னொன்று ஆம்பூர் பிரியாணிக்கடை பாய். மூன்றாவதாக ஒரு பாய் இருக்கிறது, காற்றைப் பிடித்துப் படகை இழுத்துக்கொண்டு போகிற பாய். அதைப்பற்றிப் போன மாதம் வரை நான் யோசித்ததே கிடையாது. எதுக்கு யோசிக்கணும்? விருதம்பட்டு தாண்டி பாலத்து மேலே போகும்போது எட்டிப்பார்த்தால் பாலாற்றில் மணல், முள்செடி, கிரிக்கெட் ஆடுகிற பசங்க. 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு வெள்ளம் ஓடியபோது ஊரே போய் வேடிக்கை பார்த்தது. மற்றபடி நமக்கும் படகுக்கும் ரொம்ப தூரம்.

அப்புறம் ஏன் இந்தத் தலைப்பு? அதுக்குக் காரணம் அப்பாவோட மொபெட்.

அப்பா ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் செலக்‌ஷன் பார்த்தவர். காலையில் மொபெட்டில் காட்பாடி ஸ்டேஷன், அங்கிருந்து ரயிலில் ஆம்பூர், ராத்திரி அதே மாதிரி திரும்பி வரவேண்டும். 14 வருஷம் அந்த வண்டிதான். போன வருஷம் கண்ணில் பிரச்சனை வந்தது. ஆபரேஷன் செய்தும் பழைய பார்வை வரவில்லை. தோலில் தலைமுடி அளவு கீறலைக் கண்டுபிடிக்கிற வேலைக்கு அந்தக் கண் போதாது என்று அவரே நின்றுவிட்டார். ராத்திரி வண்டி ஓட்டுவதும் நின்றது. என் செமஸ்டர் ஃபீஸில் கொஞ்சம் இடித்தது. "வண்டிய குடுத்துடலாம்டா, நீயே நெட்ல போடு" என்றார்.

நான் போட்டேன். "சிங்கிள் ஓனர், நல்ல கண்டிஷன், ரூ. 12,000." கால் வைக்கிற பலகைக்கு அடியில் ஃபிரேம் துருப்பிடித்து, ஓட்டை விழுந்து, வெல்டிங் வைத்து மேலே கருப்பு பெயின்ட் அடித்த விஷயத்தை எழுதவில்லை. யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள்?

மற்றவர்கள் பழைய சாமான்களை எப்படி விளம்பரம் செய்கிறார்கள் என்று தேடிக்கொண்டே போனதில் (பரீட்சைக்கு முந்தின ராத்திரி, வேறெப்போ!) எங்கேயோ வெளிநாட்டில் ஒருவர் தன் படகை விற்கிற விளம்பரத்தில் போய் விழுந்தேன். 32 அடி நீளம், ஃபைபர் உடம்பு, ஒற்றைப் பாய்மரம். நடுக்கடலைத் தாண்டிப் போகிற ரகம் இல்லை. கரையோரமாகவே துறைமுகம் விட்டுத் துறைமுகம் போக, உள்ளேயே சமைத்துச் சாப்பிட்டுத் தூங்க என்று செய்தது. கூடவே என்னென்ன வருகிறது என்று ஒரு பட்டியல், நம்ம கல்யாணச் சீர்வரிசை தோற்றுப்போகும். பெரிய பாய் ஒன்று, முன்பாய் இரண்டு, டீசல் இஞ்சின், சங்கிலியோடு நங்கூரம் இரண்டு, ஜிபிஎஸ், ரேடியோ, சுக்கானைத் தானே பிடித்துக்கொள்ளும் கருவி, சோலார் பேனல், கரைக்குப் போய்வர ஒரு ரப்பர் படகு, கேஸ் அடுப்பு, நாலு பேருக்குப் படுக்கை.

இதெல்லாம் சரி. என்னை நிறுத்தியது அதற்குக் கீழே இருந்த பகுதிதான். 'குறைகள்' என்று தலைப்பே போட்டு எழுதியிருந்தார். முன்பக்க ஜன்னல் மழையில் ஒழுகும். பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கிற கம்பிகள் போட்டு 14 வருஷம் ஆச்சு, வாங்குகிறவர் மாற்றிக்கொள்வது நல்லது. கடைசியில் விற்கக் காரணம்: முழங்கால் இனி ஒத்துழைக்காது.

14 வருஷம். முழங்கால். எனக்கு எங்க வீட்டு வாசலில் நிற்கிற மொபெட் ஞாபகம் வந்துவிட்டது.

ஏன் இவ்வளவு வெளிப்படையாக எழுதுகிறார், ஆள் அவ்வளவு நல்லவரா என்று துருவிப் பார்த்தேன். நல்லவராகவே இருக்கட்டும், ஆனால் மறைத்தும் பிரயோஜனம் இல்லை. அந்த ஊர்களில் படகு வாங்குகிறவர் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு முதலில் ஒரு சர்வேயரைக் கூட்டி வருவார். படகைக் கரையில் தூக்கி வைத்து, சின்னச் சுத்தியலால் உடம்பு பூராவும் தட்டிக் கேட்பார்கள். நல்ல ஃபைபர் 'டக் டக்' என்று கணீரென்று பேசும். உள்ளே தண்ணீர் ஏறி ஊறியிருந்தால் சத்தம் மந்தமாகிவிடும். ஈரம் அளக்க மீட்டர் உண்டு. உள்பலகையைத் தூக்கி, அடியில் இருக்கும் எடைக்கட்டையைப் பிடித்திருக்கிற போல்ட்டுகள் துருப்பிடித்திருக்கிறதா என்று டார்ச் அடிப்பார்கள். கம்பி பழசாக இருந்தால் இன்சூரன்ஸ்காரரும் முகத்தைச் சுளிப்பார். அது காற்றில் அறுந்தால் பாய்மரமே சாய்ந்துவிடுமே! ஜிபிஎஸ், சோலார் எல்லாம் பார்வைக்குத்தான். அதற்குப் போட்ட காசு விற்கும்போது முழுசாகத் திரும்பி வராது. கடைசியில் விலையைத் தீர்மானிப்பது கண்ணுக்குத் தெரியாத அடிப்பாகம்தான்.

இதை அப்பாவிடம் சொன்னேன். சிரித்தார். "இதுதான்டா செலக்‌ஷன்" என்றார். உண்ணி கடித்த தழும்பு, முள்வேலி கீறல் எல்லாம் இருக்கிற தோலை மேலே தேய்த்து, கனமாகக் கலர் ஏற்றி, அச்சுப் போட்டால் பளபள என்று ஆகிவிடும். அது தப்பு ஒன்றும் இல்லை, அந்த ரகம் என்று சொல்லி அந்த விலைக்கு விற்கலாம். ஆனால் விவரம் தெரிந்த ஆள் வந்தால் மேல்பக்கத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா போகமாட்டான். திருப்பிப் போட்டுச் சதைப்பக்கம் பார்ப்பான், வயிற்றுப்பக்கம் கை வைத்துத் தளர்ச்சி பார்ப்பான். "மேல்பக்கம் நாம சொல்றது. அடிப்பக்கம் மாடு சொல்றது" என்றார் அப்பா. அப்புறம் சாதாரணமாகக் கேட்டார்: "அடியில வெல்டிங் வச்சத எழுதினியா?"

நான் பதில் சொல்லவில்லை.

சரி, நம்ம ஆட்கள் யாராவது வெளிநாட்டுக்காரனுக்குப் பாய்க்கப்பல் விற்றிருக்கிறார்களா என்று தேடினேன். விற்றிருக்கிறார்கள்! யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் 1930-ல் கட்டிய கப்பல் 'அன்னபூரணி அம்மாள்'. 89 அடி நீளம், 19 அடி அகலம். வேம்பும் இலுப்பையும் போட்டு அந்த ஊர் கைவேலைக்காரர்கள் கட்டியது. உல்லாசப் படகு கிடையாது, சரக்கு ஏற்றிப் பிழைத்த கப்பல். அதை வாங்கியவர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர். அவர் சும்மா பணக்காரர் இல்லை. 1928-ல் 'ஸ்வாப்' என்ற 32 அடிப் படகில் கிளம்பி 1931-ல் உலகத்தைச் சுற்றி முடித்தவர். (ஆமாம், அதே 32 அடி! ஸ்வாப் என்ற பெயரும் சமஸ்கிருதத்தில் கனவு என்கிற அர்த்தத்தில் வைத்தது.) அப்படிப்பட்ட ஆள் ஒரு கப்பலைப் பார்த்து இதுதான் வேண்டும் என்றால், அதற்கு மேலே ஒரு சர்வே ரிப்போர்ட் தேவையா? விளம்பரம் இல்லை, போட்டோ இல்லை. மரமும் கட்டின விதமும்தான் பேசியிருக்கும்.

எனக்கு அதில் பிடித்தது விற்ற பிறகு நடந்தது. கப்பல் மட்டும் போகவில்லை. தண்டயல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் வல்வெட்டித்துறை மாலுமிகளும் கூடவே போனார்கள். செங்கடல், சூயஸ், மத்தியதரைக்கடல், அப்புறம் அட்லாண்டிக். 1938 ஆகஸ்டில் கப்பல் அமெரிக்காவின் கிளௌஸ்டர் துறைமுகத்தில் போய் நின்றது. எந்தக் காற்றில் எந்தப் பாயை இறக்கணும், எங்கே ஒழுகினால் எப்படி அடைக்கணும் என்பது பட்டியலில் எழுதிக் கொடுக்கிற சாமானா? அது ஆட்களோடுதான் போகும்.

கப்பலுக்குப் பெயர் மட்டும் மாறிவிட்டது. ராபின்சன் தன் மனைவி பெயரை வைத்தார். 'ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன்'. அன்னபூரணி அம்மாள் அங்கே ஃபுளோரன்ஸ் ஆகிவிட்டாள். கட்டினவர்களுக்கு வலித்திருக்குமா? வாங்கினவருக்கு அந்த உரிமை உண்டு, அதுவும் நிஜம்தானே.

அன்றைக்கு ராத்திரியே விளம்பரத்தைத் திருத்தினேன். "ஃபிரேமில் அடியில் வெல்டிங் உண்டு. குனிந்து பார்த்து வாங்கவும். விற்கக் காரணம்: அப்பாவுக்கு ராத்திரி கண் தெரிவதில்லை." கூப்பிட்டுக்கொண்டிருந்த மூன்று பேர் காணாமல் போனார்கள். நாலு நாள் கழித்து ஒருவர் வந்தார். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் பழ வியாபாரம். நிஜமாகவே தரையில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார்.

"இன்னா சார், இத்த சொல்லாம இருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காதே?"

"பழக்கூடை ஏத்துவீங்க பாய். வெயிட்டு தாங்காம நடுரோட்ல விட்டுடுச்சுன்னா?" என்றார் அப்பா.

10,500-க்கு முடிந்தது. பணத்தை எண்ணி வாங்கிய பிறகு அப்பா அரை மணி நேரம் அவரை விடவில்லை. காலையில் சோக்கை எவ்வளவு இழுக்கணும், மழையில் நனைந்தால் பிளக்கை எப்படித் துடைக்கணும், எந்த மெக்கானிக்கிடம் போகணும், எவனிடம் போகவே கூடாது. பாயும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். நான் பக்கத்தில் நின்று, 'தண்டயலையும் சேர்த்துத்தான் விற்கிறோம் போல' என்று நினைத்துக்கொண்டேன். வண்டி தெரு முனை திரும்பும் வரை அப்பா வாசலிலேயே நின்றார். அந்தக் கண்ணுக்கு அவ்வளவு தூரம் தெரிந்திருக்காது. சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்திருப்பார்.

போன வாரம் சித்தூர் பஸ் ஸ்டாப்பில் அந்த வண்டியைப் பார்த்தேன். பின்னாடி இரண்டு கூடை சாத்துக்குடி. முன்பக்கம் தங்கச்சி பெயர் ஒட்டியிருந்த இடத்தைச் சுரண்டிவிட்டு 786 என்று எழுதியிருந்தது. ஒரு நிமிஷம் என்னவோ போல இருந்தது. அப்புறம் பாய் என்னைப் பார்த்துக் கையை ஆட்டி, "அப்பாகிட்ட சொல்லு, வண்டி சூப்பரா ஓடுது" என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். பெயரைச் சுரண்டினதைச் சொல்லவில்லை. அதை மட்டும் மறைத்துவிட்டேன்.