மூட்டைக்குள் வந்த நோய்



எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா லாரி ஓட்டுகிறார். மேட்டுப்பாளையம் மண்டிக்கு உருளைக்கிழங்கு லோடு. எனக்குச் சாலை என்றால் சோறு. ஆனால் சோறு வருகிற வழியிலேயே நோயும் வரும்.

கோயமுத்தூரில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். சாமிக்கு இங்கிலீஷில் ஒரு நோயின் பெயர் எப்படி வந்தது? 1894-ல் ஹாங்காங்கைத் தாக்கிய பிளேக், கப்பலேறி 1896-ல் பம்பாய்க்கு வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவையையும் பிடித்துக்கொண்டது. சனங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு, ஊருக்கு வெளியே காட்டில் சாளை போட்டுக் குடியிருந்தார்கள்.

போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு 1873-லேயே ரயில் வந்துவிட்டது, நம்ம காரமடை வழியாகத்தான். ரயிலில் தானிய மூட்டை, மூட்டைக்குள் எலி, எலி மேல் தெள்ளுப்பூச்சி. எலி செத்தால், பசித்த பூச்சி மனுசனைக் கடிக்கும். 1898-ல் கராச்சியில் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் இதைக் கண்டு சொன்னபோது பலர் நம்பவில்லை. பயணிகளை ஸ்டேஷனில் இறக்கிச் சோதித்தார்கள். மூட்டைக்குள் இருந்த எலியை யார் சோதிப்பது?

2020 மே மாதம் கோயம்பேடு மார்க்கெட்டில் கொரோனா பரவியது. அங்கே மூட்டை தூக்கியவர்கள் ஊர் திரும்பியதும் அரியலூர், கடலூர், விழுப்புரம் மாவட்டங்களில் எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. அரியலூர் எங்கே, சென்னை எங்கே! நோய்க்கு மைல் கணக்கு கிடையாது. எந்த ஊருக்கு எந்த ஊரோடு போக்குவரத்து என்பதுதான் கணக்கு. மேப்பில் ஜங்ஷன்களைப் பார்த்தாலே பாதி புரிந்துவிடும்.

அந்த வருசம் பயணிகள் ரயில் நின்றது, பஸ் நின்றது. லாரி நிற்கவில்லை. "கெழங்கு வரலீன்னா ஊரு என்னத்தத் திங்கும்?" என்று அப்பா கிளம்பிவிடுவார். திரும்பி வந்தால் தெருவில் கதவுகள் சாத்திக்கொள்ளும். அதே வீடுகளில் அதே கிழங்குதான் வேகும். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. பயந்தது தப்பென்று சொல்ல மாட்டேன். லாரியை வேண்டும் என்று சொல்லிவிட்டு, டிரைவரை மட்டும் வேண்டாம் என்றால் எப்படி?

அப்பா தோட்டத்துச் சாளையில் தனியாகப் படுத்துக்கொண்டார். அப்பத்தா தூக்குப்போசியைத் திட்டில் வைத்துவிட்டுப் பத்தடி தள்ளி நிற்கும்.

"எங்காத்தா காலத்துல ஊரே சாளைக்குப் போச்சாமா. இப்ப உங்கொப்பன் ஒருத்தந்தான் போயிருக்கறான்" என்றது ஒருநாள் என்னிடம்.

அப்பா உள்ளேயிருந்து சிரித்துக்கொண்டே, "இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்தியுட்டுருக்கலாம்" என்றார்.