ஒரு டாலர் ஹோட்டலும், அம்மா கேட்ட கேள்வியும்

டிஜிட்டல் டெஸ்க்கில் நைட் ஷிஃப்ட் என்றால் பாதி நேரம் கார்டு ஸ்டோரிதான். பத்து படம், பத்து கேப்ஷன், முடிந்தது வேலை. அப்படி ஒரு ராத்திரியில் 'உலகின் 10 வித்தியாசமான ஹோட்டல்கள்' என்று ஒன்றைத் தயார் செய்துகொண்டிருந்தேன். ஏழாவது கார்டு, அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் இருக்கும் வெஸ்ட் பேடன் ஸ்பிரிங்ஸ் ஹோட்டல். 'ஒரே ஒரு டாலருக்கு விற்கப்பட்ட பிரமாண்ட ஹோட்டல்!' என்று தலைப்பு வைத்தேன். அந்த ஆச்சர்யக்குறியும் நான் போட்டதுதான்.

காலையில் வழக்கம்போல லிங்க்கை ஃபேமிலி குரூப்பில் தட்டிவிட்டுத் தூங்கிவிட்டேன். பதினோரு மணிக்கு அம்மாவிடமிருந்து போன்.

"ஏட்டி, அந்த டாலர் ஹோட்டல்ல எத்தன ரூமு?"

"ஐநூறுக்கு மேலம்மா."

"அத்தன ரூமையும் யாரு கூட்டிப் பெருக்குனா? நீ அதப் போடவே இல்லியே."

அம்மாவுக்கு அப்படித்தான் கேட்கத் தோன்றும். குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் பதினெட்டு வருடமாக ஹவுஸ்கீப்பிங் வேலை. மொத்தம் 36 அறைகள்தான். ஆனால், சாரல் அடிக்கிற சீஸனில் ஒரு நாளைக்கு ஒரே அறையில் இரண்டு முறை பெட்ஷீட் மாற்ற வேண்டியிருக்கும். அந்தப் பெட்ஷீட்கள்தான் என் டிப்ளமா படிப்புக்கு ஃபீஸ் கட்டின. அப்படிப்பட்ட அம்மா கேட்ட கேள்விக்கு என் 120 வார்த்தை கேப்ஷனில் பதில் இல்லை. அன்றைக்கு வீக்லி ஆஃப். லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தேன்.

வெஸ்ட் பேடன் சின்ன ஊர். பக்கத்திலேயே ஃபிரெஞ்ச் லிக் என்று இன்னொரு சின்ன ஊர். இரண்டு இடத்திலும் நிலத்திலிருந்து கந்தகம் கலந்த தண்ணீர் ஊற்றெடுக்கும். அழுகிய முட்டை வாடை அடிக்கும் அந்தத் தண்ணீரைக் குடித்தால் வயிறு சுத்தமாகும், மூட்டுவலி போகும் என்று நம்பிப் பணக்காரர்கள் ரயில் ஏறி வந்தார்கள். ஜெர்மனியின் வெந்நீர் ஊற்று நகரங்களின் நினைவாகத்தான் ஊருக்கே 'வெஸ்ட் பேடன்' என்று பெயர். "பேதிக்குச் சாப்பிடவா அம்புட்டுத் தூரம் ரயிலேறி வந்தாவ?" என்று அம்மா சிரித்தாள்.

அங்கிருந்த பழைய மர ஹோட்டல் 1901 ஜூனில் தீப்பிடித்து எரிந்துபோனது. அதன் உரிமையாளர் லீ சின்க்ளேருக்கு ஒரே பிடிவாதம். இனி கட்டுவது தீப்பிடிக்காத கட்டடமாக இருக்க வேண்டும், வட்ட வடிவில் இருக்க வேண்டும், நடுவில் உலகத்திலேயே பெரிய குவிமாடம் இருக்க வேண்டும். அதுவும் ஒரு வருடத்துக்குள். ஹாரிசன் ஆல்பிரைட் என்ற கட்டடக்கலைஞர் துணிந்து ஒப்புக்கொண்டார். 1902 செப்டம்பரில் ஹோட்டலைத் திறந்தேவிட்டார்கள்.

ஆறு மாடிகள். இரண்டு வளையங்களாக அறைகள், நடுவில் வட்டமாகச் சுற்றிவரும் தாழ்வாரம். வெளி வளையத்து அறைகளின் ஜன்னலைத் திறந்தால் தோட்டம். உள் வளையத்து அறைகளிலிருந்து பார்த்தால் பிரமாண்டமான கூடம். அந்தக் கூடத்தின் மேல் 200 அடி விட்டத்தில் இரும்பும் கண்ணாடியுமாகக் குவிமாடம். நடுவில் தாங்குவதற்கு ஒரு தூண்கூடக் கிடையாது. 24 இரும்பு விலா எலும்புகள் உச்சியில் ஒரு வளையத்தில் போய்ச் சேர்கின்றன. எனக்கு மிகவும் பிடித்தது இந்த விலாக்களின் கால்பக்கம்தான். அவை சுவரோடு இறுக்கிக் கட்டப்படவில்லை. உருளைகள் மேல் உட்கார்ந்திருக்கின்றன. வெயிலில் இரும்பு நீளும், பனியில் சுருங்கும். அப்போது சுவரை இடிக்காமல் நகர்ந்துகொள்ளத்தான் இந்த ஏற்பாடு.

இதை அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்துத் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். "மழைக்காலத்துல நம்ம பின்வாசக் கதவு உப்பிப்போயி மூட மாட்டேங்குமே, அது மாதிரி ஆவும்னு முன்னாடியே எடம் விட்டு வச்சிருக்கானுவ" என்றாள். நான் இரண்டு பாராவில் எழுதியதை ஒரு வரியில் முடித்துவிட்டாள்.

இதற்கு நடுவே ஒரு வயிற்றெரிச்சல். '1955 வரை உலகின் மிகப்பெரிய குவிமாடம் இதுதான்' என்று கார்டில் எழுதியிருந்தேன். தவறு. 1955 என்பது அமெரிக்காவுக்குள் மட்டும்தான். உலக அளவில் 1913-லேயே பிரெஸ்லாவ் நகரத்து நூற்றாண்டு மண்டபம் இதை முந்திவிட்டது. அந்த ஊர் இன்றைக்குப் போலந்தில் இருக்கிறது. யாரும் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. நானேதான் சீனியருக்கு மெசேஜ் போட்டுத் திருத்தச் சொன்னேன். 'சரி, திருத்திடு. இனிமே ரெண்டு தடவ செக் பண்ணு' என்று பதில் வந்தது. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

அந்த 'ஒரு டாலர்' கதை உண்மைதான். ஆனால், அதற்கு முன்னும் பின்னும் நடந்ததை விட்டுவிட்டால் அது வெறும் வேடிக்கை. சின்க்ளேரின் மகள் லில்லியன் 1917-ல் கூடத்தின் தரையை மாற்றி, ஒரு கோடிக்கும் அதிகமான சின்னச்சின்ன பளிங்குத் துண்டுகளைப் பதிக்க வைத்தார். முதல் உலகப்போரின்போது ஹோட்டல் ராணுவ மருத்துவமனையானது. பிறகு எட் பல்லார்ட் என்ற உள்ளூர்க்காரர் வாங்கினார். சர்க்கஸ் முதலாளி, சூதாட்டத்தில் சம்பாதித்தவர். 1929-ல் பங்குச்சந்தை சரிந்ததும், விருந்தினர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு சில நாள்களில் ஊரைக் காலி செய்துவிட்டார்கள். 1932-ல் ஹோட்டலை மூடிவிட்டார்கள். 1934-ல்தான் பல்லார்ட் அதை ஒரு டாலருக்கு இயேசு சபைத் துறவிகளிடம் கொடுத்தார். அவர்கள் அதைக் குருமடமாக்கினார்கள். ஊற்றுகளை அடைத்தார்கள். எளிமைக்குப் பொருந்தாத அலங்காரக் கோபுரங்களை எடுத்தார்கள். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஆனால், 1964 வரை முப்பது வருடம் அங்கே ஆள் குடியிருந்து விளக்கேற்றியதால்தான் கட்டடம் நின்றது என்றும் தோன்றுகிறது.

அடுத்து ஒரு தனியார் கல்லூரி. அதுவும் 1983-ல் போய்விட்டது. பிறகு ஆள் இல்லை. 1991 ஜனவரியில், தேங்கிய தண்ணீரும் பனிக்கட்டியும் சேர்ந்து வெளிச்சுவரின் ஒரு பகுதியை ஆறு மாடி உயரத்துக்கும் சரித்துவிட்டன. மாநிலத்தின் பாரம்பர்யப் பாதுகாப்பு அமைப்பு முட்டுக்கொடுத்து நிறுத்தியது. 1996-ல் பில் குக், கெய்ல் குக் தம்பதி, தங்கள் மருத்துவக் கருவி நிறுவனத்தின் பணத்தோடு வந்து சீரமைப்பைத் தொடங்கினார்கள். 2007-ல் மறுபடியும் ஹோட்டல். ஐநூறு சின்ன அறைகளாக இருந்தது இப்போது 243 பெரிய அறைகள்.

சரி, யார் கூட்டிப் பெருக்கினார்கள்?

இந்த ஊர்களின் ஹோட்டல்களில் மூட்டை தூக்கியவர்கள், பரிமாறியவர்கள், அறைகளைச் சுத்தம் செய்தவர்களில் பெரும்பகுதி கறுப்பின மக்கள். வேலை செய்யலாம், விருந்தினராகத் தங்க முடியாது. கறுப்பின விருந்தினர்களுக்கென்று ஊரில் 'வாடி ஹோட்டல்' என்று தனியாக ஒன்று இருந்தது. ஊழியர்களுக்குத் தனி தேவாலயம். வெஸ்ட் பேடன் ஹோட்டல் தன் ஊற்றுநீரை 'ஸ்ப்ரூடல்' என்று பாட்டிலில் விற்றது; எதிர் ஹோட்டலின் தண்ணீருக்குப் பெயர் 'புளூட்டோ'. அதே பெயர்களில் இரண்டு கறுப்பின பேஸ்பால் அணிகள் இருந்தன: வெஸ்ட் பேடன் ஸ்ப்ரூடல்ஸ், ஃபிரெஞ்ச் லிக் புளூட்டோஸ். 1910-ல் ஸ்ப்ரூடல்ஸை நடத்த வந்த சி.ஐ.டெய்லர், பின்னாளில் நீக்ரோ நேஷனல் லீக்கைத் தொடங்கியவர்களில் ஒருவர். அறை கிடைக்காதவர்களின் ஆட்டத்தை, அறை கிடைத்தவர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள்.

குவிமாடத்தின் உச்சி வளையத்துக்குள் ஒரு சின்ன அறை மாதிரி இடம். அங்கே சுவரில் தேவதைகளை வரைந்திருக்கிறார்கள். கீழே கூடத்தில் நிற்பவர்களுக்கு அவை தெரியாது. வரைந்தது யார் என்பதும் இன்றுவரை தெரியாது.

இத்தனையையும் கேட்டு முடித்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "தேவதைய விடு. அந்த வாடி ஹோட்டல எழுதிட்டியா?" என்றாள்.

திங்கள்கிழமை ஷிஃப்டில் ஏழாவது கார்டைத் திறந்தேன். 1955-ஐத் திருத்தினேன். தலைப்பை மாற்ற சீனியர் சம்மதிக்கவில்லை. ஒரு டாலர் நன்றாக ஓடிக்கொண்டிருந்ததாம். கேப்ஷனில் மூன்று வரி கூடுதலாகக் கேட்டேன், கொடுத்தார். திருத்திய லிங்க்கை இந்த முறை குரூப்பில் போடாமல் அம்மாவுக்கு மட்டும் அனுப்பினேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் லாட்ஜின் மாடிப்படியில் உட்கார்ந்து, கூட வேலை பார்க்கும் அக்காக்களுக்கு அதைச் சத்தமாகப் படித்துக் காட்டியிருக்கிறாள். அந்தக் கூடத்துப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த ஒரு அக்கா, "எம்மாடி, இதுல ஒட்டட எப்படி அடிப்பாவ?" என்று கேட்டாளாம்.