வேதாளைக் கரையில் வீழ்ந்தவன்

இராமேசுவரம் செல்லும் வண்டியில் மகனை ஏற்றிவிட்டுத் தாம்பரத்து நடைமேடையில் நின்றேன். அந்தி சாய்ந்தது. அவனுக்கு அகவை 29. அந்த எண்ணைச் சொல்லுந்தோறும் என் நெஞ்சு இன்னொருவன்பால் ஓடும்: அதே அகவையில், இவ்வண்டி கடந்து செல்லும் கரையில், 1549-இல் மாய்ந்த அந்தோனியோ கிரிமினாலி. இயேசு சபையின் முதல் மறைசாட்சி அவன்.

இத்தாலியில் பார்மாவை அடுத்த சிஸ்ஸா அவன் ஊர். 1545-இல் கோவா வந்தான், முத்துக்குளித்துறை புகுந்தான். நம் மொழியைப் பேசப் பழகியதோடு அமையாது, படிக்கவும் எழுதவும் கற்றான். 1549 சனவரியில் கொச்சியிலிருந்து சபை நிறுவுநர் இஞ்ஞாசியாருக்கு மடல் வரைந்த பிரான்சிசு சவேரியார் இவனைப் புகழ்ந்திருந்தார். அம்மடல் கடல்மேல் போய்க்கொண்டிருக்க, புகழப்பட்டவன் மணலில் கிடந்தான். அந்தோ!

ஏன் மாய்ந்தான்? மண்டபத்தை அடுத்த வேதாளையில் போர்த்துக்கீசியர் அரண் அமைத்தனர்; அகழி வெட்டினர்; சேதுவில் நீராடச் சென்றோரை மறித்துச் சுங்கம் பறித்தனர். கண்டோர் சினந்தனர். அச்சினத்தைக் குற்றமென்று சொல்ல என் நா எழவில்லை. வடுகப் படை திரண்டு வந்தது. சுங்கம் கொண்டவர் கலம் நோக்கி ஓடினர். கொண்ட பொருளில் ஒரு காசும் தீண்டாத இவனும் ஓடியிருக்கலாம்; கடல் அருகே, கலம் அருகே. ஓடிலன். கரையில் தவித்த பெண்டிரையும் சிறாரையும் கலமேற்றத் திரும்பினான். பெண்டிரும் பிணியாளரும் அரண் சேர்ந்தபின் அம்பு தொடுப்பதே அறமென்று வகுத்த நாடு இது; அவ்வறத்தை அன்று காத்தவன் வில்லேந்தாத ஒரு வேற்றுநாட்டான். வேல் பாய்ந்தது. மண்டியிட்டான். தலை துணித்தனர்.

வேதாளைப் பனைகாள், அன்றும் காற்றுக்கு அசைந்தீரோ? கடலே, அவன் ஏற்றிய மதலையரைச் சுமந்து சென்ற நீ, அவனை விட்டுச் செல்ல எங்ஙனம் துணிந்தாய்? கொடையாளி மாய்ந்தால் பாணர் பாடினர். மறவன் வீழ்ந்தால் ஊரார் கல் நட்டனர். இவனுக்கு யாழும் இல்லை. தாய்மொழியில் அழத் தாயும் அருகில்லை.

203-இல் கார்த்தேசு நகரத்து இளந்தாய் பெர்பெத்துவா, கைக்குழந்தையையும் கெஞ்சிய தந்தையையும் விட்டு, ஆளுநர்முன் தன்னைக் கிறித்தவள் என்று சாற்றி மாண்டாள். சாற்ற அவளுக்கு ஒரு மன்றம் வாய்த்தது. கிரிமினாலிக்கு அதுவும் வாய்க்கவில்லை. கலம் ஒருபுறம், கதறல் மறுபுறம். நடுவே சில அடி மணல். அவன் பற்றுறுதி முழுதும் அச்சில அடிகளில் அடங்கிற்று. ஞாயிறுதோறும் விசுவாச அறிக்கையைப் பிழையறச் சொல்லும் நான், எந்தக் கலத்தை விட்டு இறங்கினேன்? மழைநாளில் முடிச்சூர்ப் பக்கம் வெள்ளம் புகுந்தபோது மாடியேறித் தாழிட்டுச் செபமாலை உருட்டியவன் நான். அண்டை வீட்டில் ஒரு முதியவள் தனித்திருந்தாள். அவளை வேறு யாரோ தோளில் சுமந்து போயினர்.

ஓரியூரில் 1693-இல் வெட்டுண்ட அருளானந்தருக்கு 1947-இல் புனிதர் பட்டம் கிடைத்தது. அவருக்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு முன்பே வீழ்ந்த இவன் பெயர் இன்றளவும் புனிதர் வரிசையில் இல்லை. திருச்சபைக்கு அதன் தயக்கம் இருக்கலாம், எனக்கு இல்லை.

வண்டி நகர்ந்தது. மகன் கையசைத்தான். பெட்டி நிறையச் சேதுவில் நீராடச் செல்வோர். இன்று அவர்களை மறித்துச் சுங்கம் கேட்பார் யாருமில்லை. அவ்வழிச் செல்வீர், விடியுமுன் உச்சிப்புளி கடந்து மண்டபம் நெருங்குகையில் ஒருகால் விழித்திருந்தால், தெற்கே நோக்குமின். இருளில் கிடக்கும் அந்தக் கரைதான் வேதாளை.