அம்மாயியின் பிறந்தநாளைத் தின்ற ஐந்தரை மணி நேரம்

மைசூரின் ஹெப்பாளில் இளைஞர்களுக்குப் பஞ்சமில்லை. ஒருபக்கம் தொழிற்பேட்டை, இன்னொரு பக்கம் இன்ஃபோசிஸின் பிரம்மாண்டமான பயிற்சி வளாகம். கல்லூரிப் படிப்பை முடித்த கையோடு பெட்டியும் படுக்கையுமாக வந்திறங்கும் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் ஏராளம். கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதக் கற்றுக்கொள்ள இங்கே அறை எடுத்துத் தங்கியிருக்கும் கூடலூர்ப் பெண்ணும் அவர்களில் ஒருத்தி. ஊர் தூரமில்லை. ஆனால் நடுவில் பந்திப்பூர் காடு. 2009 முதல் அந்தச் சாலை இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை பெரும்பாலான வாகனங்களுக்கு மூடிக்கிடக்கிறது. எனவே நினைத்த நேரத்தில் வீட்டுக்கு ஓடிவிட முடியாது.

அந்தக் குறையைப் போக்க அவள் ஒரு காரியம் செய்தாள். குடும்பத்தில் யாருக்கு எப்போது பிறந்தநாள் என்று முன்கூட்டியே நினைவுபடுத்தும் சின்னஞ்சிறு இணையப் பக்கம் ஒன்றை எழுதினாள். முதல் பதிவு அம்மாயிக்கு: 1952 பிப்ரவரி 7. பக்கம் தயார். பிப்ரவரி 6 காலையில் அது வாழ்த்துச் சொல்லச் சொன்னது. போன் போட்டாள்.

"இன்னிக்கு இல்ல கண்ணு, நாளைக்குத்தான்" என்றார் அம்மாயி.

அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1964ல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர். டான்டீ தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்ததும் கூடலூரில் நிலைத்தது குடும்பம். அப்படி வந்தவர்களுக்குத் தாளில் இருக்கும் தேதிதான் ஆள். எழுத்து ஒன்று பிசகினாலும் எத்தனை அலுவலகப் படி ஏற வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

தவறு கம்ப்யூட்டருடையதும் அல்ல, அம்மாயியுடையதும் அல்ல. ஐந்தரை மணி நேரத்துடையது.

இணையப் பக்கங்களின் மொழியான ஜாவா ஸ்கிரிப்ட் 1995ல் பிறந்தது. அதன் முதல் வடிவத்தை நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் எழுதினார். தேதியைக் கையாளும் பகுதி ஜாவா மொழியிலிருந்து அப்படியே வந்தது. அதன் விசித்திரங்களும் கூடவே வந்தன. அதில் மாதங்கள் பூஜ்யத்தில் தொடங்கும். ஜனவரிக்கு 0, பிப்ரவரிக்கு 1. அதைவிடப் பெரிய விஷயம், அதற்குத் 'தேதி' என்று தனியாக ஒன்று தெரியாது. தெரிந்ததெல்லாம் 'கணம்'தான். 1970 ஜனவரி 1ம் தேதி, உலகப் பொது நேரப்படி நள்ளிரவிலிருந்து எத்தனை மில்லி விநாடி முன்னே அல்லது பின்னே என்ற ஒரே ஒரு எண்.

பிப்ரவரி 7 என்று எழுதியதை, அது "இந்தியாவில் பிப்ரவரி 7 நள்ளிரவு 12 மணி" என்று எடுத்துக்கொண்டது. சேமிக்கும்போது உலகப் பொது நேரத்துக்கு மாற்றியது. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் ஓடுவதால், கிடைத்த விடை பிப்ரவரி 6, மாலை 6.30. மணியை வெட்டிவிட்டுத் தேதியை மட்டும் எடுத்து வைத்தாள் பெண். அம்மாயிக்கு ஒரு நாள் வயது கூடிவிட்டது.

இந்த ஐந்தரையே மனிதர் போட்ட கணக்குதான். சென்னை வானாய்வகத்தை ஒட்டிப் பிறந்த மதராஸ் நேரம், கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் முன்னால் ஓடியது. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் தனித்தனி நேரம். கிழக்குத் தீர்க்கரேகை 82.5 டிகிரியை வைத்து 1906 ஜனவரி 1 முதல் நாடு முழுவதற்கும் ஒரே நேரம் வந்தது. கல்கத்தா 1948 வரையும் பம்பாய் 1955 வரையும் தங்கள் பழைய மணியை விடவில்லை. உலகக் கம்ப்யூட்டர்கள் நம்பியிருக்கும் நேர மண்டலப் பட்டியலில் இந்திய நேரத்துக்கு இன்று 'ஏசியா/கொல்கத்தா' என்று பெயர். முரண்டு பிடித்த ஊரின் பெயரே நிலைத்துவிட்டது.

ஹெப்பாளின் சூரியனும் இந்தக் கணக்குக்குக் கட்டுப்பட்டதல்ல. 82.5 டிகிரிக்கு மேற்கே இருப்பதால் மைசூரில் உச்சிப்பொழுது, சராசரியாக, கடிகாரம் 12 அடித்து ஏறக்குறைய 24 நிமிடம் கழித்துத்தான் வரும். பழைய அளவில் சொன்னால் ஒரு நாழிகை.

அம்மாயியின் தேதியைச் சரிசெய்வது கஷ்டமாக இல்லை. பிறந்தநாள் ஒரு கணம் அல்ல. காலண்டரில் ஒரு கட்டம். அதை வருடம், மாதம், நாள் என்று வெறும் எழுத்தாகவே வைத்துக்கொண்டால் போதும். எந்த நேர மண்டலத்துக்கும் மாற்றக் கூடாது. 1952-02-07 என்று எழுதுவது ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேச முறை. 7/2 என்று எழுதினால் அமெரிக்காவில் அதை ஜூலை 2 என்று படிப்பார்கள்.

அடுத்த சிக்கலும் அம்மாயியிடமிருந்தே வந்தது. அவருடைய தங்கை குடும்பம் ஹட்டனிலேயே தங்கிவிட்டது. அந்த வீட்டுப் பேரனுக்குப் பெண் பார்க்கிறார்கள். பையன் இவளுக்கு அண்ணன் முறை. ஜாதகத்தைக் கூடலூர் ஜோசியரிடம் காட்ட வேண்டும். ஆஸ்பத்திரிச் சீட்டில் இருப்பது: 1996 ஜூன் 20, நள்ளிரவு 12.15. "உன் பொட்டியிலே போட்டு இந்திய நேரம் என்னன்னு சொல்லு கண்ணு."

இலங்கைக்கும் இந்தியாவுக்கும் ஒரே நேரம்தானே, மாற்ற என்ன இருக்கிறது என்றுதான் அவள் நினைத்தாள். இன்றைக்கு அது சரி. 1996ல் அப்படியில்லை. வறட்சியில் நீர்மின் நிலையங்கள் தடுமாற, மின்சாரத்தை மிச்சப்படுத்த 1996 மே 25 அன்று இலங்கை அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. அதே ஆண்டு அக்டோபரில் அரை மணி பின்வாங்கியது. 2006 ஏப்ரல் 15ல், புத்தாண்டை ஒட்டி, பழையபடி ஐந்தரைக்கே திரும்பியது. இடைப்பட்ட ஆண்டுகளில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் பழைய நேரத்தையே வைத்துக்கொண்டன. ஒரே தீவில் இரண்டு நேரம். சோதனைச் சாவடியைக் கடப்பவர்கள் கைக்கடிகாரத்தையும் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

ஆக, ஹட்டனில் வியாழன் நள்ளிரவு 12.15 அடித்தபோது கூடலூரில் புதன் இரவு 11.15. ஒரு மணி வித்தியாசம் என்றால் இரண்டரை நாழிகை. ஏறக்குறைய இரண்டு மணிக்கு ஒருமுறை மாறும் லக்னத்துக்கு அது சின்ன வித்தியாசம் அல்ல. ஜாதகத்தில் நம்பிக்கை இல்லாதவர்களும், ஒரு கல்யாணம் இதனால் தட்டிப்போகலாம் என்பதை ஒப்புக்கொள்வார்கள்.

இங்கேதான் புரோகிராம் எழுதுகிறவர்கள் வழுக்கி விழும் இடம். 'இலங்கை என்றால் ஐந்தரை' என்று எண்ணை எழுதி வைத்தால், 1996ல் பிறந்த பிள்ளையின் நேரம் ஒரு மணி பிசகும். எண்ணுக்குப் பதிலாக 'ஏசியா/கொழும்பு' என்று இடத்தின் பெயரை எழுதினால், எந்த ஆண்டு எந்த அரசு மணியை எப்படித் திருப்பியது என்ற வரலாறு முழுவதையும் அந்தப் பட்டியல் தேடித் தரும். அதைத் தொடங்கியவர் ஆர்தர் டேவிட் ஓல்சன் என்ற அமெரிக்கர். இன்றும் தன்னார்வலர்களே அதைத் திருத்தி வருகிறார்கள். ஆனால் அதுவும் அரசு நேரத்தின் பட்டியல்தான். புலிகள் பகுதியில் பிறந்த குழந்தைக்கு எந்த மணியில் சீட்டு எழுதினார்கள் என்பதை அங்கிருந்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

அவள் இரண்டையும் பிரித்து வைத்தாள். பிறந்த தேதி வெறும் தேதியாக ஒரு கட்டத்தில். பிறந்த நேரம் ஊர்ப் பெயரோடு இன்னொரு கட்டத்தில். அண்ணனுக்கு வாழ்த்து ஜூன் 20 அன்றே போகும், சான்றிதழில் உள்ளபடி. ஜோசியருக்குப் போன விடை: இந்திய நேரம், ஜூன் 19 இரவு 11.15.

அம்மாயிக்கு இதில் ஆச்சரியம் ஏதுமில்லை. "நான் அப்பவே சொன்னேனே, புதன் ராத்திரின்னு" என்றார். பஞ்சாங்கத்தில் நாள் மாறுவது நள்ளிரவில் அல்ல, சூரிய உதயத்தில். விடியும்வரை அவருக்கு அது புதன்கிழமைதான். அரசாங்கம் கடிகாரத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும்.

"அது கெடக்கட்டும். நீ எப்ப வர்றே?"

"சனிக்கிழமை அம்மாயி. ஒன்பது மணிக்குள்ளே காட்டைத் தாண்டிடுவேன்."

இந்திய நேரம்தானா என்று அம்மாயி கேட்கவில்லை.