ஓய்வுக்குப் பின் ஒரு தொடக்கம்

சங்கரன்கோவிலில் ஆசிரியப் பணியாற்றும் எனக்கு ஓய்வு நெருங்குகிறது. ‘இனி என்ன?’ என்னும் அச்சம் எழும்போதெல்லாம் மருத்துவர் கோ. வெங்கடசாமியை நினைத்துக்கொள்வேன். எட்டயபுரம் அருகேயுள்ள வடமலாபுரத்தில் 1918இல் பிறந்தவர் அவர். முடக்குவாதம் விரல்களைக் கோணச் செய்தபோதும், அறுவைக்கத்தியைப் பிடிக்கப் பழகினார்.

58ஆம் அகவையில் அரசுப்பணி நிறைவுற்றதும், 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கட்டணம் செலுத்தியோரால் வந்த வருவாய், செலுத்த இயலாதோருக்கும் பார்வை தந்தது. அம்மருத்துவமனை 1992இல் நிறுவிய பயிற்சி நிலையம், பிற நாட்டு மருத்துவமனைகளுக்கும் வழிகாட்டலாயிற்று. அனுபவம் அவருடன் முடங்கிவிடவில்லை.

மாணவர்களே, ஓய்வுபெறும் நாளில் வருகைப் பதிவேட்டையும் திறவுகோலையும் ஒப்படைத்துவிடுவேன். இத்தனை ஆண்டுகள் கற்றதை யாரிடம் ஒப்படைப்பது? அதற்கான விடையை இப்போதே தேடத் தொடங்கியுள்ளேன்.